பவளம் அக்காவுக்குத் தெரிஞ்ச சத்தம்

வீடு முழுக்கக் கத்தின பிள்ளை டொக்ரரைக் கண்டவுடன வாயை மூடுற மாதிரி, நாள் முழுக்கச் சத்தம் போட்ட கார் கராஜ் வாசலில வந்து பேசாமல் நிக்கும். பழைய ஓட்டோமற்றிக் கார் வைச்சிருந்தவைக்கு இந்த வயித்தெரிச்சல் விளங்கும். வெக்ஸ்போர்ட்டில கராஜ் நடத்திறன். இப்பத்தையக் கார் தன்ர வருத்தத்தைக் கொம்பியூட்டரில தானே சொல்லுது. அந்தக் காலத்தில ஆக்கள்தான் வாயால சொல்லுவினம். எனக்கு அந்தக் காலம்தான் விருப்பம். அதிலயும் நேசன் அண்ணையின்ர காரை மறக்கேலாது.

டொக்

நேசன் அண்ணை போனிலயே சத்தம் போட்டுக் காட்டுவார். “பிறேக் பிடிக்கேக்க டொக். திரும்பக் காரை எடுக்கேக்க டொக்.” பின்னால அவற்ற மனுசி பவளம் அக்கா, “டொக் இல்லைத் தம்பி, டுமுக்” எண்டுவா.

கியர்பொக்ஸைத் தாங்கிற ரப்பர் பழுதாப்போச்சு எண்டுதான் நினைச்சன். காரைத் தூக்கிப் பாத்தா ரப்பர் ஒரு பழுதும் இல்லாமல் கிடக்கு. கடைசியா டிக்கியைத் திறந்து ஸ்பெயர் ரயரைத் தூக்கினன். கீழ ஒரு முழுத் தேங்காய்! மகள் ட்ரைவிங் ரெஸ்ற்றுக்குப் போகேக்கப் பிள்ளையாருக்கு உடைக்க வாங்கினதாம். உடைக்க மறந்துபோச்சினம். கூட வந்த பவளம் அக்கா அதைத் தடவிப் பாத்துப் பெருமூச்சு விட்டா.

“அப்ப பிள்ளை மூண்டு தரம் பெயில் விட்டது பார்க்கிங்கால இல்லை!”

தகரம்

பிறகொரு குளிர்காலம், சிக்னலில நிக்கேக்கக் கடகட எண்டுது எண்டு வந்தார். ட்ரைவில போட்டுப் பிறேக்கை மிதிச்சாக் கடகட. நியூட்ரலுக்குத் தள்ளினாக் கப்சிப். சைலன்சருக்கு மேல சூட்டை மறைக்கிற தகரம் இத்துப்போய் ஆடுது. கிளிப் போட்டு இறுக்கி விட்டன். கார் பூனை மாதிரிப் போச்சுது. எனக்கு ஒரே பெருமை.

ரெண்டு நாளால புருசனையும் கூட்டிக்கொண்டு பவளம் அக்கா கோவத்தோட வந்து இறங்கினா. சீனி வருத்தத்தில அவவுக்குக் கண் மங்கிப்போச்சு. எண்டாலும் அண்ணை காரில கொண்டுபோய் இறக்கிவிட்டா, மரக்கறிக் கடைக்குள்ளயும் கோயிலுக்குள்ளயும் தனியத்தான் போவா. கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போக ஒருத்தரையும், அண்ணையைக்கூட, விடமாட்டா. அலுவல் முடிஞ்சு வாசலில நிண்டு கடகடவைக் கேட்டு, எங்கட கார் எண்டு தானாகவே வந்து ஏறுவா. நான் சத்தத்தை நிப்பாட்ட, மனுசி ஆரோ ஒரு வெள்ளைக்காரன்ர காரில ஏறி, பெல்ற்றையும் போட்டு, “இரவைக்குப் புட்டோ, இடியப்பமோ?” எண்டும் கேட்டிருக்கிறா.

நான் சிரிச்சுப்போட்டன். அவவின்ர கண் கலங்கினதைக் கண்டவுடன சிரிப்பு நிண்டிட்டுது. இனி வீட்டை விட்டு வெளிக்கிடமாட்டன் எண்டு நிக்கிறாவாம். நான் காருக்குக் கீழ போய் கிளிப்பைக் கழட்டினன். கடகட எண்டுது. மனுசிக்கு முகம் மலர்ந்துது.

“உந்தச் சத்தத்தில இனி ஒருத்தரும் கை வைக்கக் கூடாது, கண்டியோ!”

புதுக் கார்

போன வருசம் கியர்பொக்ஸ் உண்மையாகவே பழுதாப்போச்சு. ட்ரைவில போட்டா ஊளைதான், கார் அசையாது. விட்பியில இருக்கிற மகள் சத்தமே போடாத பற்றறிக் கார் ஒண்டு எடுத்துக் குடுத்தா. பழசைக் கட்டி இழுத்துக்கொண்டு போகேக்க, அது கண்ணுக்கு மறையிற மட்டும் வாசலில நிண்டு பாத்தன். பவளம் அக்கா இனி எப்பிடி வெளிக்கிடப் போறா எண்டதுதான் என்ர யோசனை.

பனி ரயர் மாத்த அண்ணை அந்தப் புதுக் காரோட தனிய வந்தார். கார் வந்ததே தெரியேல்லை. பிறேக் பிடிச்சார். டொக்! எனக்குத் தெரிஞ்ச சத்தமெல்லோ. ஓடிப்போய் டிக்கியைத் திறந்தன். பெரிய பிஸ்கற் ரின் ஒண்டு, அதுக்குள்ள ஒரு முழுத் தேங்காய். எடுத்து வெளியில வைப்பம் எண்டு கையை நீட்டினன். அண்ணை பதறிப்போனார்.

“ஐயோ தம்பி, அதை வை! அவ மரக்கறிக் கடை வாசலில நிக்கிறா, நான் டொக் எண்டு போய் நிக்கவேணும்.”

சத்தத்தை நிப்பாட்டியே சோறு திண்ட நான், அண்டைக்குத் தேங்காய் வடிவா உருளுதோ எண்டு ஒருக்கா ஓட்டிப் பாத்துத்தான் காரை வெளியில விட்டன்.