ஃபைல் மூடும் அக்கா

அந்த அலுவலகத்தில் யாரும் ஃபைலை மூடுவதில்லை. திறப்பார்கள், எழுதுவார்கள், சேமிப்பார்கள், பிறகு திரையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். மூடினால் போச்சு. பிரசன்டேஷன் மென்பொருள் ஒரு நொடி வெளிறி நிற்கும்; 'வேலை செய்வதை நிறுத்திக்கொண்டது' என்று ஒரு பெட்டியைக் காட்டும்; திறந்திருக்கும் மற்ற பிரசன்டேஷன்களையும் இழுத்துக்கொண்டு விழுந்துவிடும். லிஃப்ட் விற்கும் நிறுவனம் அது. நூற்றுப் பன்னிரண்டு கணினிகள். விற்பனைப் பிரிவில் ஒருவர் இருபத்தேழு ஃபைல்களைத் திறந்தபடியே வைத்து இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறார். மூடித்தான் ஆக வேண்டும் என்கிற நிலை வந்தால் அக்காவைக் கூப்பிடுவார்கள்.

அக்கா என்றால் சிஸ்டம் அக்கா. இரண்டாம் மாடியின் கோடியில், பழைய பிரிண்டர்கள் அடுக்கிய அறையில் உட்கார்ந்திருப்பாள். வயது நாற்பத்தாறு. ஆறு வருடமாக ஒப்பந்த வேலை. கூப்பிட்டதும் வருவாள், மேசைக்கு அடியில் குனிந்து நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குவாள், ஃபைலை மூடுவாள். அது சாதுவாக மூடிக்கொள்ளும். கேபிளை மறுபடி செருகிவிட்டு, முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்திருப்பாள்.

"அக்கா கைராசியே தனிதான்" என்பார்கள். கைராசியாம்! கணினி படித்துப் பட்டம் வாங்கியவளை மந்திரிக்கிற ஆளாக்கி வைத்திருந்தார்கள். கேபிளை நீங்களே பிடுங்கலாம் என்று அவளும் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டாள். மேசைக்கு அடியில் குனிய அங்கே யாருக்கும் உடம்பு வளையவில்லை.

இத்தனைக்கும் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதமே அவள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மென்பொருளை சேஃப் மோடில் திறந்தாள், அதாவது அதோடு ஒட்டிக்கொண்டு ஓடும் குட்டி நிரல்கள் எதுவும் இல்லாமல். மூடிப் பார்த்தாள். விழவில்லை. அப்படியானால் கோளாறு அந்த ஒட்டுண்ணிகளில் ஒன்றில்தான். ஒவ்வொன்றாக அணைத்து, ஒவ்வொரு தடவையும் ஒரு ஃபைலைத் திறந்து மூடினாள். கடைசியில் அகப்பட்டது 'முத்திரை'. ஸ்லைடுகளில் நிறுவனத்தின் சின்னத்தைப் பதிக்கிற நிரல் அது. ஃபைலை மூடும்போது யார் மூடினார்கள் என்று ஒரு சர்வரில் எழுதி வைக்கும். இந்தக் கட்டடத்துக்கு மாறி வந்தபோதே அந்தச் சர்வரைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டார்கள். இல்லாத சர்வரைத் தேடித் தேடித் தானும் விழுந்து மென்பொருளையும் தள்ளிக்கொண்டிருந்தது முத்திரை. கேபிள் இல்லையென்றால் தேடவே போகாது. அவ்வளவுதான் கைராசி.

முத்திரையை எழுதியவர் பொது மேலாளர். விற்பனைக்காரராக இருந்த காலத்தில் தானே கற்றுக்கொண்டு எழுதினாராம். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். அக்கா விவரமாக மெயில் எழுதினாள். இரண்டே வரியில் பதில் வந்தது: 'முத்திரை நம் நிறுவனத்தின் அடையாளம். அதில் கை வைக்க வேண்டாம், வேறு காரணம் தேடவும்.'

வேறு காரணம் தேடினாள். இல்லாத காரணத்தை ஆறு வருடம் தேடினாள். பிரிண்டரை மாற்றினாள், மென்பொருளை அழித்துத் திரும்ப ஏற்றினாள், கணினிகளைத் துடைத்துப் புதிதாக்கினாள். வருடத்துக்கு ஒரு மெயில் எழுதினாள். பிறகு எழுதுவதையும் விட்டுவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேசினால் வேலை போகும் என்கிற இடத்தில் யார்தான் தொண்டை கிழியக் கத்துவார்கள்?

அவளுக்கு வேண்டியது நீல அட்டை. நிரந்தர ஊழியர்களின் கழுத்தில் தொங்குவது நீலம், ஒப்பந்தக்காரர்களுக்குப் பழுப்பு. நீல அட்டை கிடைத்தால் குடும்பத்துக்கே மருத்துவச் செலவு நிறுவனத்துடையது. அவள் கணவன் வீடு மாற்றித் தரும் லாரியில் பீரோவும் கட்டிலும் சுமந்தவன். இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், மாற்று மூட்டு வைத்தால்தான் நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர்கள் குடியிருப்பதோ மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லாத கட்டடம். எட்டு மாதமாக அவன் தெருவில் கால் வைக்கவில்லை. "உங்க கம்பெனில சொல்லி ஒரு லிஃப்ட் தள்ளிட்டு வாயேன்" என்று சிரிப்பான். அவளுக்குச் சிரிப்பு வராது.

நிரந்தரப் பட்டியல் வரப்போகிறது, அதில் அவள் பெயர் இருக்கிறது என்று பேச்சு அடிபட்ட மாதத்தில்தான் அது நடந்தது. ஒரு பெரிய மருத்துவமனைக்கு நாற்பது லிஃப்ட் போடும் டெண்டர். பொது மேலாளர் வழக்கம்போலப் பழைய வாடிக்கையாளரின் ஃபைலைத் திறந்து, பெயரை மாற்றி, அளவுகளை மாற்றிச் சேமித்தார். மூடுவதற்கு அக்காவைக் கூப்பிடுவது அவருடைய உதவியாளர் வேலை. அன்றைக்கு உதவியாளர் விடுப்பு. அவரே மூடினார். விழுந்தது. மறுபடி திறந்தால் இடப்பக்கம் மீட்கப்பட்ட பிரதிகளின் பட்டியல் வரும். அதைத் தொடக் கூடாது, அக்கா வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்பது அந்த அலுவலகத்தில் தேநீர் கொண்டுவருபவருக்குக்கூடத் தெரியும். பொது மேலாளருக்குத் தெரியாது. மேலே இருந்ததைத் தட்டினார். அது, திருத்துவதற்கு முந்தைய பிரதி. அதே ஃபைலின் மேலேயே அதைச் சேமித்தும் விட்டார்; திருத்தியதெல்லாம் அழிந்துபோனது.

மறுநாள் மருத்துவமனையின் டாக்டர்கள் முன்னால் 'உங்கள் வணிக வளாகத்துக்காக' என்று ஸ்லைடு வந்தது. அடுத்ததில் வந்த லிஃப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் நுழையாது. ஒரு டாக்டர் வாய்விட்டே சிரித்துவிட்டாராம். டெண்டர் கைநழுவிப் போனது.

விசாரணை என்றார்கள். அக்காவுக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட. எழுதிய மெயில்களையும் வந்த பதில்களையும் அச்செடுத்து ஒரு உறையில் வைத்தாள்.

"இந்தத் தடவையாவது வாயத் திறந்து பேசு" என்றான் கணவன்.

"பேசாம என்ன? எல்லாம் எழுத்துல இருக்குங்க."

விசாரணைக்கு முந்தின நாள் பொது மேலாளர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். ஆறு வருடத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"பாருங்கம்மா, எது விழுந்துச்சுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மேல இருக்கறவங்களுக்கு ஒரு பதில் சொல்லியாகணும். பராமரிப்புல ஒரு சின்னக் குறை நடந்துபோச்சுன்னு நீங்க எழுதிக் கொடுத்துட்டா விஷயம் அதோட முடிஞ்சுரும். லிஸ்ட்ல உங்க பேர் இருக்கு. நான் பாத்துக்கறேன்."

"சார், நான் மெயில் போட்டிருக்கேன்..."

"போட்டீங்க. யாரு இல்லைன்னது? அத நாளைக்குக் காட்டினா என் பேர் கெடும். அப்புறம் உங்க பேர லிஸ்ட்ல வைக்க நான் இந்தச் சீட்டுல இருக்கணுமே?" குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்காரருக்கு இடுப்பு எப்படி இருக்கு?" என்றார்.

காகிதம் ஏற்கெனவே அடித்துத் தயாராக இருந்தது. 'எனது கவனக்குறைவால்' என்று தொடங்கியது. கவனம் ஒன்றைத் தவிர வேறெதையும் ஆறு வருடமாக அந்த அலுவலகத்துக்குத் தராதவள், அதன் கீழே கையெழுத்துப் போட்டாள். கோபம் வருகிறதா? எனக்கும்தான் வருகிறது. அவளுக்கு அன்றைக்குக் கோபமே வரவில்லை, கணவன் படியிறங்கி வருகிற காட்சிதான் கண்ணுக்குள் நின்றது. உறையைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவனிடம், "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுரும்" என்று மட்டும் சொன்னாள்.

மூன்று வாரம் கழித்துப் பட்டியல் வந்தது. அவள் பெயர் இல்லை. பணியாளர் அதிகாரி விதிப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். எழுத்தில் தவறை ஒப்புக்கொண்ட ஒப்பந்த ஊழியர், அடுத்த ஐந்து வருடத்துக்கு நிரந்தரத்துக்குத் தகுதியில்லை. பொது மேலாளர் நடைவழியில் எதிரே வந்தார்.

"நான் எவ்வளவோ பேசிப் பாத்தேன்மா. ரூல்னு ஒண்ணு இருக்குல்ல" என்று சொல்லிக்கொண்டே லிஃப்டுக்குள் போய்விட்டார்.

அன்று மாலை கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"எனக்காகவா போட்ட?"

"வேற யாருக்காகங்க?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? நான் உக்காந்து உக்காந்தாவது படியிறங்கியிருப்பேன். உன்னத் தப்பு பண்ணவள்னு எழுத வச்சு எனக்கு ஒரு காலு வேணுமா?" முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் அழுதாள். அவன் அழுதானா என்று தெரியவில்லை, தோள் மட்டும் அசைந்தது.

அடுத்த வாரம் வெளியிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார் பொது மேலாளர். முப்பத்தைந்து வயதிருக்கும், சாந்தமான முகம். முக்கால் மணி நேரத்தில் முத்திரையைக் கண்டுபிடித்துவிட்டார். அதை எடுத்துவிட அனுமதியும் அன்றைக்கே கிடைத்தது. அவர் எடுத்தால் அது நவீனமாக்கல்! கூட்டம் போட்டார்கள். "ஆறு வருஷமா நம்ம ஆளுங்க யாருக்கும் பிடிபடாதது" என்று பொது மேலாளர் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவும் தட்டினாள், தட்டாமல் நின்றால் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்களே.

பிறகு நூற்றுப் பன்னிரண்டு கணினிகளிலும் முத்திரையை நீக்க நிபுணருக்குத் துணையாக அவளையே அனுப்பினார்கள். நான்காவது மேசையிலேயே அவர் கவனித்துவிட்டார். அவர் சொல்லும் முன்பே அவள் கை சரியான இடத்துக்குப் போய்விடுகிறது.

"அக்கா, நீங்க இத முன்னாடியே பாத்திருக்கீங்கல்ல?"

சுற்றிலும் யாரும் இல்லை. பையில் அந்த உறை இன்னும் இருந்தது. ஆறு வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வியை ஒருவர் மரியாதையாகக் கேட்கிறார். ஆனால் ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்கப்பட வேண்டும். கையெழுத்துப் போட்ட காகிதமோ மேலே பத்திரமாக இருக்கிறது.

"இல்லைங்க. எனக்குத் தெரியாமப் போச்சு" என்றாள்.

அவர் நம்பிவிட்டார். நல்ல மனுஷர். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு, "பரவால்லக்கா, இதெல்லாம் கஷ்டமே இல்ல, மொதல்லேருந்து சொல்றேன்" என்று சேஃப் மோட் என்றால் என்ன என்பதிலிருந்து பொறுமையாகச் சொல்லத் தொடங்கினார். அவள் தலையாட்டிக் கேட்டாள். நடுவில் அவர் பேனாவை நீட்டினார், குறிப்பும் எடுத்துக்கொண்டாள்.