பன்னிரண்டு வீட்டுக் குப்பை

ஸ்ரீவராகத்தில் வசிக்கும் பி.பி.ஏ. மாணவன் நான். சமூகப் பொறுப்பு என்ற பாடத்துக்கு ஏதாவது சேவை செய்து அறிக்கை தர வேண்டும். கட்டிலில் படுத்தபடியே, தெருவில் பன்னிரண்டு வீடுகளுக்குத் தினமும் போய்க் குப்பையைப் பிரித்துக் கொடுப்பதாக எழுதிவிட்டேன். எங்கள் வீட்டுக் குப்பைக்கூடை எந்த மூலையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

டீச்சர் படித்துவிட்டு, மலையாளம் கலந்த தமிழில், “கொள்ளாம், நல்லாயிருக்கு. நாளைக்கு நேரில் பார்த்துட்டு மார்க் போடறேன்” என்றார். பொய் என்று தெரிந்தால் பூஜ்யம்தான்.

எதிர்வீட்டு அலமேலு மாமியிடம் சரணடைந்தேன். “ஒங்காத்துக் குப்பையையே ஒங்கம்மாதானேடா கொட்டறா?” என்று சிரித்துவிட்டு, “போ, நான் பாத்துக்கறேன்” என்றார்.

மறுநாள் டீச்சர் தெருவுக்கு வந்து கேட்டதும் மாமி அசராமல் சொன்னார்: “காலம்பற ஆறு மணிக்கெல்லாம் வந்துடுவான். டிகிரி முடியறவரைக்கும் வரேன்னிருக்கான். நடுவுல நிறுத்தினா ஒங்களுக்கு போன் பண்றேன், நம்பர் கொடுங்கோ.”

டீச்சரும் கொடுத்தார்.

மார்க் கிடைத்தது. அன்றிலிருந்து தினமும் பன்னிரண்டு வீட்டு முருங்கைச் சக்கையையும் பால் கவரையும் பிரிக்கிறேன். அடுத்த அறிக்கையில் செய்ததை மட்டுமே எழுதினேன். அரைப் பக்கம்தான் வந்தது. யாரும் பார்க்க வரவில்லை.