புங்க மரத்தடியில் சேட்டு வளர்த்த புல்

பெருநகர் என்ற எங்கள் கிராமத்தில் என் அடுத்த வீட்டுக்காரர் சேட்டு. வயது அறுபத்திரண்டு. ஏரிக்குக் கீழே இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட் நிலம். ஐம்பது வருடமாகப் புல்லைப் பிடுங்கி வருகிறார். அவர் வரப்பில் ஒரு கோரையையோ அருகையோ பார்த்தவர் இல்லை. ஆடு மேய்ப்பவர்கள் அவர் வயலைச் சுற்றிக்கொண்டு போவார்கள். அங்கே நின்றால் ஆட்டுக்கு நேரம்தான் வீண்.

பேருந்துக்குக் காத்திருக்கும்போது சிமெண்டு வெடிப்பில் முளைத்ததைப் பிடுங்குவார். கோயிலைச் சுற்றி வந்தால் பிரகாரம் சுத்தமாகிவிடும். 1993இல் அவர் கல்யாணத்தன்று ஐயர் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து உச்சியில் அருகம்புல் செருகினார். சேட்டு அதை எடுத்து எறிந்தார். ஐயர் மறுபடி செருக, சேட்டு மறுபடி எறிந்தார். மூன்றாவது முறை ஐயர் பிள்ளையாரைத் தட்டோடு எட்ட நகர்த்தி வைத்தார்.

இப்படிப்பட்டவர் புல் வளர்க்க ஆசைப்பட்டதற்குக் காரணம் அவருடைய சம்பந்தி வெங்கடேசன். 2024 பிப்ரவரி 11, ஞாயிறு, மகள் திவ்யாவுக்கு ராஜகுளத்தில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டு வாசலில் புல்தரை. திரும்பி வந்த சேட்டு நேராக என்னிடம் வந்தார்.

"இன்னா புல்லு தெரியுமா சாரே. பச்சப் பசேல்னு கீது. ஒண்ண இழுத்துப் பாத்தேன், அசையல. வேரு அவ்ளோ கெட்டி. என் கைக்கு மசியாத புல்லு அது ஒண்ணுதான்."

"நீங்களும் வளர்க்க வேண்டியதுதானே?"

"அதத்தான் நானும் சொன்னேன். சம்பந்தி சிரிக்கறாரு. உங்க வூட்ல புங்க மரம் கீது, அந்த நெழல்ல புல்லு வராது, புல்லு வளக்க ஒரு கைராசி வேணும்ன்றாரு."

ஆகஸ்ட் 11 எங்கள் தெருவில் கூழ் ஊற்றுகிற நாள். சம்பந்தி அன்று வருவார். அதற்குள் மரத்தடியில் புல்தரை இருக்க வேண்டும் என்று சேட்டு முடிவு செய்தார்.

மே 20 அன்று உத்திரமேரூரிலிருந்து நிழல் தாங்கும் புல் வாங்கி வந்தார். பெயர் பஃபலோ புல், அதாவது எருமைப்புல்.

"வாங்கியாந்தவருக்குப் பேரு பொருத்தமாத்தான் கீது" என்றார் அவர் மனைவி சுலோச்சனா.

ஒரு சாணுக்கு ஒன்றாக நானூறு துண்டுகள் நட்டார். ஒரு மாதத்தில் மதில் ஓரம் பச்சை பிடித்தது. மரத்தடியில், அவருடைய கயிற்றுக் கட்டிலின் இடது பக்கம் மட்டும் வெறும் மண். மறுபடி நட்டார், நான்கு நாளில் காணோம். மூன்றாம் முறையும் அப்படியே.

"எல்லாம் இந்த நெழலால வர்ற பேஜாரு. மரத்த எடுத்துட்டாத்தான் சரி" என்று மரம் அறுக்கும் செங்கேணியை ஜூலை 3ஆம் தேதிக்கு வரச் சொல்லிவிட்டார்.

அந்த நிழலில்தான் சுலோச்சனா மதியம் படுப்பார். நான்கு வீட்டுப் பெண்கள் கதை பேசுவதும் அங்கேதான். அவர் ஒரு மஞ்சள் பையில் இரண்டு புடவையை வைத்து ஆணியில் மாட்டினார்.

"மரத்துல மெஷின் பட்டுது, நான் எங்கம்மா வூட்டுக்கு மாகறல் பஸ் ஏறிடுவேன். அப்பால நீயும் உன் புல்லும் குடித்தனம் பண்ணுங்க."

ஜூன் 29 அன்று சுலோச்சனா என்னிடம் வந்தார். "சார், நீங்க இருபத்தெட்டு வருசம் மழைய அளந்து எழுதனவரு. இந்த நெழலயும் கொஞ்சம் அளந்து குடுங்க. அந்தாளு என் பேச்சக் கேக்க மாட்டாரு."

நான்கு நாட்கள், கால் மணிக்கு ஒருமுறை பார்த்துக் குறித்தேன். புல் செழித்த மதில் ஓரத்தில் ஒரு நாளைக்கு வெயில் ஒரு மணி ஐம்பது நிமிடம். புல்லே இல்லாத கட்டில் பக்கம் மூன்று மணி நாற்பது நிமிடம். வெயில் அதிகம் விழும் இடத்தில்தான் புல் இல்லை. குற்றம் நிழல்மேல் இல்லை என்று சேட்டிடம் காட்டினேன்.

"அப்போ வெயிலுதான் தப்பா அடிக்குது சாரே" என்றார்.

ஜூலை 3, பதினொரு மணிக்குச் செங்கேணி மெஷினோடு வந்தார். மரத்தைச் சுற்றிப் பார்த்தார். "வெயிலு தாழட்டும்ணே" என்று சொல்லி அதே மரத்தடியில் துண்டை விரித்துத் தூங்கிவிட்டார். சேட்டு கட்டிலில் உட்கார்ந்து, சம்பந்தியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். கடைசியாக ஒருமுறை அளப்போம் என்று நான் டேப்போடு குனிந்தேன். வெறும் மண் இருந்த இடம் கவராயத்தால் போட்டது போல அரை வட்டம். கட்டில் விளிம்பின் நடுவிலிருந்து எந்தப் பக்கம் அளந்தாலும் இரண்டடி மூன்று அங்குலம்.

அப்போது என் டேப்பின் மேல் ஒரு கை வந்தது. சேட்டின் இடது கை. முந்தின நாள் நான்காம் முறையாக நட்ட புல்லைப் பிடுங்கி, வேர் மண்ணைத் தட்டி, முதுகுக்குப் பின்னால் எறிந்தது. அவர் போனில், "ஆமா சம்பந்தி, இன்னிக்கு மரத்த எடுத்துடறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சு முடிய பதினொரு நிமிடம். போன புல் பத்தொன்பது.

"சேட்டு, கையை எட்டின மட்டும் தரையில நீட்டுங்க" என்றேன். கட்டில் விளிம்பிலிருந்து விரல் நுனி எட்டும் தூரத்தை அளந்தேன். இரண்டடி மூன்று அங்குலம்.

சேட்டு தன் கையை வேறு யாருடையதோ போலப் பார்த்தார். சுலோச்சனா செங்கேணியைத் தட்டி எழுப்பினார்.

"எழுந்திரு செங்கேணி. அறுக்க வேண்டியது கெடச்சிட்ச்சி."

"எதக்கா?"

"அவரு இடது கை."

செங்கேணி தூக்கக் கலக்கத்தில் பார்த்தார். "அதுக்கு வேற பிளேடு மாட்டணும்க்கா" என்றார்.

மெஷின் வந்த வழியே திரும்பியது. ஆனால் பை ஆணியிலேயே இருந்தது. கூழ் நாளுக்குள் புல் வராவிட்டால் சேட்டு மறுபடி மரத்தைப் பார்ப்பார் என்பது சுலோச்சனாவுக்குத் தெரியும். அதனால் அன்றிலிருந்து சேட்டு கட்டிலில் உட்கார்ந்தால் பக்கத்தில் ஒரு முருங்கைக் கொத்து வந்துவிடும். போன் அடித்தால் வலது கைக்குப் போன், இடது கைக்கு முருங்கை. கை பாட்டுக்கு இலையை உருவியது; ஐந்தாவது முறை நட்ட புல் தப்பித்தது. அந்த முப்பத்தெட்டு நாளில் அந்த வீட்டில் முப்பத்தொரு நாள் முருங்கைக் கீரை. கல்யாணமான கையோடு ஆடிக்குத் தாய் வீடு வந்த திவ்யா, "இன்னாமா, நான் இன்னா ஆடா?" என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 11. வெங்கடேசன் கூழ் குடித்துவிட்டு மரத்தடிக்கு வந்தார். அரை வட்டம் மூடி, மரத்தடி முழுக்கப் பச்சை. அவர் புல்லின் மேலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"நெழல்ல எப்டி சம்பந்தி வந்துச்சி?"

"ஒரு கை வேணும்னு நீங்கதான சொன்னீங்க" என்றார் சேட்டு, முருங்கையை உருவியபடி.

வெங்கடேசனும் ராஜகுளத்தில் நாற்பது வருடம் உழுதவர். ஐந்தே நிமிடத்தில் அவர் வலது முழங்காலருகே ஒரு சிறு புல் குவியல். சேட்டு அதைப் பார்த்தார். முருங்கைக் கொத்தில் பாதியை ஒடித்து நீட்டினார். "இத ஆயுங்க சம்பந்தி."

வெங்கடேசன் குவியலைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார்.

"எங்க வூட்லயும் மூணு தபா நட்டோம்" என்றார் மெதுவாக. "மூணும் என் கையாலதான் போச்சி. அப்பால பையன் பிளாஸ்டிக்ல வாங்கிப் போட்டுட்டான்."

"அதான் வேரு அவ்ளோ கெட்டியா கீதா" என்றார் சேட்டு.

குவியலில் இருபத்தாறு. நாலரை மணிக்கு இருவரும் அதைத் திரும்ப நட்டார்கள். சுலோச்சனா ஆணியிலிருந்த பையை எடுத்துப் புடவைகளைப் பெட்டியில் வைத்தார். பை நிறைய முருங்கைக் கொத்துகளைத் திணித்துச் சம்பந்தியிடம் கொடுத்து அனுப்பினார்.