பேனா தொட்டுக் கொடுக்கும் இனியன்

பேனாவை வாங்கியதும் இனியன் முதலில் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பான். பிறகு முனையில் ஊதி, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்து, "இந்தா, சென்டம் கேரண்டி" என்று கொடுப்பான். சென்னையின் பெரிய பொறியியல் கல்லூரியில் எங்கள் வகையறாவிலேயே முதலில் இடம் பிடித்தவன். ரெண்டாயிரத்து ஒன்றில் பிடித்தான்; இப்போது மூன்றாம் வருஷம். அன்றிலிருந்து எங்கள் பிள்ளைகளின் பேனாக்கள் புதுப்பட்டினத்தில் அவன் வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் பரீட்சைக்குப் போகின்றன.

என் கடைசிச் சித்தியின் கடைசி மகன் தாமோதரனின் பிள்ளை. எனக்கும் மகன் முறை. நெட்டை உடம்பு, அப்படியே சித்தியின் முன்பல். தன்னைத் தானே கிண்டல் செய்யாமல் அவனுக்கு ஒரு வாய் சோறு இறங்காது.

"அங்க எல்லாருமே அவங்கவங்க ஸ்கூல்ல மொதோ ரேங்க், பெரிப்பா. எவனாவது கடைசியா வரணும்ல? அந்த போஸ்ட்டு காலியா இருந்துச்சு, நான் சேந்துகினேன்."

போன வருஷம் சில பாடங்கள் போயின. பிறகு தூக்கம் போயிற்று. விடுதி அறையை விட்டு வராமல் கிடந்தவனைக் கூடப் படிக்கும் பையன்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். செங்கல்பட்டில் மனநல மருத்துவரிடம் மாத்திரை. தாமோதரனோ உறவுக்கெல்லாம் மஞ்சள்காமாலை என்று சொல்லிவிட்டான். அப்புறமென்ன, வருகிறவர்கள் ஒரு கையில் பேனாவும் மறு கையில் கீழாநெல்லியுமாக வந்தார்கள். நானும் கருங்குழியிலிருந்து ஒரு கட்டோடு பஸ் ஏறியவன்தான். இமையைப் பிதுக்கிப் பார்த்து, "மஞ்சளே காணோம், பாத்தியா!" என்று என் வைத்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அப்புறம்தான் அவனே உண்மையைச் சொன்னான். அத்தனை கீழாநெல்லியையும் அவன் அம்மா பிரபாவதி அரைத்துக் கொடுக்க, குடித்திருக்கிறான்.

"மனசு இன்னா ஆச்சோ தெர்ல, பெரிப்பா. லிவரு மட்டும் யுனிவர்சிட்டி ஃபர்ஸ்ட்டு."

நாளைக்கு அந்தப் பாடங்களை மறுபடி எழுத வேண்டும். இன்று போயிருந்தபோது விடுதிக்குக் கிளம்பப் பை வாசலில் தயாராக இருந்தது. இனியன் செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தான்.

"முடியலன்னா வுட்டுடு, நைனா."

"அப்பாவும் அதான் சொல்லிச்சு. எழுதணும்னு கீது. வாசலத் தாண்டத்தான் பயமா கீது."

என் சட்டைப்பையில் பேத்தி கொடுத்தனுப்பிய பேனா. இந்த நேரத்தில் எடுக்கலாமா என்று யோசிப்பதற்குள் என் கை எடுத்து நீட்டிவிட்டது. அவன் ஆட்டினான், ஊதினான், கொடுத்தான். பிறகு தன் பேனாவை உருவி என்னிடம் நீட்டினான்.

"நீ மூணாங்கிளாசுல ரெண்டு தபா பெயிலு. இந்த வயசுலயும் பிரியாணி துன்னுகினு ஜோராத்தான கீற? தொட்டுக் குடு, பெரிப்பா."

வாங்கிக் காதோரம் வைத்து ஆட்டினேன். நான் ஊதி முடிப்பதற்குள் அவன் குனிந்து செருப்பு வாரை இறுக்கி மாட்டிக்கொண்டிருந்தான்.