ஒலிபெருக்கியில் வாசிக்காத பேர்

கிடுகு வேலிக்கு அப்பால் நின்று ஒருவர் தொண்டையைச் செருமிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. புயலில் புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு, பிற ஆண்களின் கண்ணில் படாமல் நான் இத்தாவில் இருந்த காலம் அது. வந்தவர் எங்கள் ஊர் நிதியத்தின் செயலாளர். வாசலில் சாமான் வைத்திருப்பதாகவும், பிள்ளைகளைக் கொண்டு உள்ளே எடுக்கும்படியும் சொன்னார். அரிசியும், அதே புயலில் பறந்துபோன எங்கள் கருவாடு காயவைக்கும் வாடிக்குப் புதுத் தகரமும் வந்திருந்தன.

அதற்கு முன் அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது. யுத்தத்தில் விரட்டப்பட்டு, மன்னாரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர். கற்பிட்டிப் பக்கத்தில் எங்கள் ஊரில் யார் எதைக் கொடுத்தாலும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பேர் வாசிப்பார்கள். என் புருஷனுடைய பேர்தான் முதலில் வரும். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலில் நின்று கேட்பேன். இவர் வந்ததும் அதை நிறுத்தினார். ஊரார் தந்ததை ஒன்றாய்ச் சேர்த்துத் தென்னந்தோட்டம் வாங்கவைத்தார். தோட்டத்தில் கைவைக்காமல், தேங்காய் விற்று வருவதை மட்டும் குழுவாகக் கூடிப் பேசி, தேவைப்பட்ட வீட்டுக்கு அனுப்புவார்கள். தேங்காயில் பேர் எழுதவா முடியும் என்று பெண்களுக்கு நடுவே அவரை எவ்வளவோ கிண்டல் செய்திருக்கிறேன்.

கொடுத்தே பழகிய எனக்கு, தந்தது யார் என்று தெரியாமல் சோறு இறங்கவில்லை. அடுத்த முறை செயலாளர் வந்தபோது வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"தோட்டம் தந்தது, ராத்தா. தோட்டத்துக்கு வாயில்ல. நாளைக்கு உங்களச் சொல்லிக்காட்டாது."

நான் நம்பவில்லை. வாடி எழும்பியது, பிள்ளைகள் ஆளானார்கள். ஆனால் தெருவில் கண்ட ஒவ்வொரு முகத்திலும் தேடினேன், இவரோ, அவரோ என்று. கருவாட்டுக்கு விலை சொல்லும்போதுகூட என் குரல் தாழ்ந்துபோனது. எல்லாரையும்விட என் மதினிக்குத்தான் பயந்தேன். புருஷனின் மூத்த சகோதரி. காணித் தகராறில் பேச்சு விட்டவர்கள் நாங்கள். அவவாக இருக்கக் கூடாது என்று அல்லாஹ்விடம் துஆ கேட்டிருக்கிறேன்.

செயலாளர் போன வருடம் மௌத்தாகி அடக்கமானார். அதன் பிறகும் வேலிப் பக்கம் செருமல் கேட்கும். எட்டிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். இப்போது அந்த வேலையை அவருடைய மகள் பார்க்கிறாள். இன்று காலையில் வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்தவள் சொன்னாள்:

"மாமி, அந்தத் தகரம் தோட்டத்துக் காசில்ல. ஒராள் உங்களுக்கெண்டே தந்தது. இனியும் நீங்க கேட்டா மட்டும் பேரச் சொல்லச் சொன்னார் வாப்பா."

கேள்வி வாய்வரை வந்தது. பேர் தெரிந்தால் அந்த ஒருவருக்குப் பணிந்துவிட்டு, மற்ற எல்லாரிடமும் பழையபடி நிமிர்ந்து நிற்பேன். என்னை எனக்குத் தெரியும்.

"வேணாம் மகள்," என்றேன்.

அவள் போனபின் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு மதினி வீட்டுக்குப் போனேன். நோயில் விழுந்து படுக்கையில் கிடந்தா.

"நான் மௌத்தாகிட்டன் எண்டு யாரும் சொன்னாங்களோ?"

"இல்ல, மதினி. கஞ்சி கொண்டுவந்தன்."

கரண்டியை வாயருகே கொண்டுபோகையில் அந்த முகத்தை உற்றுப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இரண்டு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தா.

"தேங்காப்பால் காணாது. நாளைக்கு இன்னும் கூட விடு."

ஓம் என்றேன். தந்தது அவவோ இல்லையோ, நாளைக்கும் போக வேண்டும்.