எல்லநள்ளியில் பஸ் மாறிய எலக்ட்ரான்கள்

போன ஜூலையில் ஊட்டிக்குப் போனேன், பூங்கா பார்க்க அல்ல. பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் கருத்தரங்கில் பத்து நிமிடம் பேச. பத்தரைக்கு என் முறை. தவறினால் அடுத்த வருடம் பிளஸ் டூ, அனுப்பவே மாட்டார்கள்.

என் தலைப்பு, தட்டையான ஆற்றல் பட்டை. சாதாரண உலோகத்தில் எலக்ட்ரான்கள் பக்கத்திலிருப்பதை அவ்வளவாகக் கண்டுகொள்ளாமல் ஓடும். சில படிகங்களில் ஓட்டம் ஏறக்குறைய நின்றுவிடும். அப்போது ஒன்றையொன்று தள்ளும் விசைதான் எல்லாவற்றையும் முடிவு செய்யும். நின்றுபோனவை சேர்ந்து என்ன செய்துவிட முடியும் என்று யாராவது கேட்டால் சொல்ல என்னிடம் உதாரணமே இல்லை.

அருவங்காட்டில் 8.40க்கு ஏறினோம், லீவ் போட்டு வந்த அப்பாவும் நானும். பதினான்கு கிலோமீட்டர், ஆளுக்குப் பதினெட்டு ரூபாய். எல்லநள்ளிக்குச் சற்று முன்னால் சாலையின் குறுக்கே யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரம் ஒன்று விழுந்து கிடந்தது.

"அறுக்க ரெண்டு மணி நேரமாகுமுங்க," என்றார் கண்டக்டர்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இருந்தும் ஜன்னல் வழியே ஒன்றைக் கவனித்தேன். நடுவில் எதுவும் நகரவில்லை. ஓரங்களில் மட்டும் பைக்குகள் நுழைந்து போயின: மலையோரம் ஊட்டிப் பக்கம், பள்ளத்தோரம் குன்னூர்ப் பக்கம். 'இடவியல்' (டோபாலஜி) என்று தலைப்பிட்டு, நடுப்பகுதி நின்றாலும் ஓரங்களில் ஓட்டம் இருப்பதாக என் நோட்டில் வரைந்திருந்த படமேதான்!

"அழுவாத கண்ணு, மூக்கு கேரட்டாட்டம் செவந்துபோச்சு," என்றார் பக்கத்து சீட் அக்கா. பிறகு கண்டக்டரிடம் திரும்பி, "ஏனுங்க, மரத்துக்கு அந்தப் பக்கம் ஊட்டியில இருந்து வந்த வண்டியும் சும்மாதான நிக்குது? ஆளுகள மாத்தி உடுங்க!" என்றார்.

அதுவரை பேசாதிருந்த பஸ் முழுவதும் பேச ஆரம்பித்தது. கண்டக்டர்கள் மரத்துக்கு மேலே கத்திப் பேசி முடிவெடுத்தார்கள். பைகள் கைமாறின. என் சார்ட்டை அக்காவே தூக்கி வந்தார். அந்தப் பஸ்ஸில் வந்தவர்கள் எங்கள் பஸ்ஸில் ஏறினார்கள், நாங்கள் அவர்களுடையதில். இரண்டும் வந்த வழியே திரும்பின. "பழைய டிக்கெட்டே போதுமுங்க," என்றார் புதுக் கண்டக்டர்.

10.10க்கு ஊட்டி. பயந்த கேள்வியே வந்தது. இரண்டு பஸ்ஸின் கதையைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். "எந்த எலக்ட்ரானும் உடைவதில்லை. ஆனால் கூட்டமாக ஒத்துப்போகும்போது, ஒரு எலக்ட்ரானின் மின்னூட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் தனியே நடமாடுவதுபோல் ஆகலாம். அதற்குப் பஸ் உதாரணம் போதாது," என்பதையும் ஒப்புக்கொண்டேன். கேட்டவர் குறித்துக்கொண்டார்.

மழைக்காலத்தில் வருகிறவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். டிக்கெட்டை இறங்கும்வரை வைத்திருங்கள். வழியில் நின்றுவிட்டால் பக்கத்திலிருப்பவரிடம் பேசுங்கள்.

அன்று புதுப் பஸ் கிளம்பும்போது அந்த அக்காவைத் தேடினேன். அவர் ஏறவே இல்லை. சாலையோரமாகக் கேரட் தோட்டத்துக்கு நடந்துகொண்டிருந்தார். அவர் வேலை செய்யும் இடம் மரத்திலிருந்து ஐந்து நிமிட நடைதான் என்றார் கூட வந்த ஒருவர். அவருக்கு இன்னொரு பஸ் தேவைப்படவே இல்லை.