அவளுக்கு மட்டும் சொன்னது

என் கணவரைப் போலீஸ் பிடித்தது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். கர்க்லாண்டில் ஒரு மருந்துக் கொம்பனியில் அவருக்கு வேலை. அன்று யாரோ ஓய்வு பெறுகிறார் என்று மத்தியானம் விருந்து வைத்திருக்கிறார்கள். அது முடிந்து, ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் புரோசார்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் வந்துவிட்டார். மறித்த போலீஸ்காரி ஒரு சின்னக் கருவியை நீட்டி ஊதச் சொன்னாள். இவர் மாட்டேன் என்றார். மறுத்தால் அதுவே குற்றம் என்று அவள் விளங்கப்படுத்திய பிறகும் மாட்டேன் என்றார். லைசென்ஸை வாங்கிக்கொண்டு, காரையும் கட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். டாக்சியில் வந்து இறங்கியவரிடம் கேட்டேன்.

"குடிச்சனீங்களோ?"

"இல்லை. குடிக்காதவன் ஏன் ஊத வேணும்? அதுதான் மாட்டன் எண்டனான்."

எங்கள் மகளின் ஞானஸ்நானத்தன்று இனிக் குடிக்க மாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்து தந்தவர் அவர். நான் நம்பினேன். ஞாயிறு பூசை முடிந்து துருவித் துருவிக் கேட்ட பெண்களிடம், "குடிக்காத மனுசனைப் பிடிச்சுப்போட்டாங்கள்" என்று தலை நிமிர்த்திச் சொன்னேன். குடித்தாரா இல்லையா என்பது இனிப் பேச்சே இல்லை, ஊத மறுத்ததுதான் வழக்கு என்றார் வக்கீல். இரண்டு மூன்று மாதம் இழுபட்டு, கடைசியில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து ஒரு வருடத்துக்கு லைசென்ஸ் ரத்து. அதற்குப் பிறகும், ஊதினால்தான் ஸ்டார்ட் ஆகும்படி ஒரு கருவியைப் பூட்டித்தான் கார் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பிடிபட்ட அடுத்த திங்கட்கிழமையே அவரை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போக அவள் வரத் தொடங்கிவிட்டாள். அவருடன் வேலை செய்பவள், சென்னைக்காரி, எங்களுக்கு நாலு தெரு தள்ளி வீடு. காலையில் வாசலில் ஒரு சாம்பல் நிறக் கார் வந்து நிற்கும். ஹார்ன் அடிக்க மாட்டாள். இவர் முன்கூட்டியே சப்பாத்துப் போட்டுக்கொண்டு கதவடியில் நிற்பார். என்னோடு எங்கே போவதென்றாலும் கடைசி நிமிடம்வரை குளியலறையில் நிற்கிற மனுசன்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. நான் சமைக்கிற கார்டெரி, சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்க்கிற இடம், நடை தூரத்தில் இருந்ததால் அதுவரை தேவைப்படவில்லை. அந்த நாட்களில் குழந்தைகளுக்குச் சூப் கலக்கிக்கொண்டே நினைப்பேன். இப்போது பாலத்தில் நிற்பார்கள், வாகன நெரிசலில் ஊர்ந்துகொண்டு, கதைத்துக்கொண்டு. பின்னேரம் வீட்டுக்கு வருகிறவர் சாப்பிடுவார், டிவி பார்ப்பார். கேட்டதற்கு "ஓம்", "இல்லை" என்று பதில் வரும். கதை முழுவதும் காரிலேயே முடிந்துவிட்டது போல இருக்கும்.

ஒருநாள் பொறுக்கவில்லை. கர்க்லாண்டில் இருக்கிற தங்கச்சிக்குச் சுகமில்லை என்று சொல்லி நானும் அவர்களோடு வெளிக்கிட்டேன். தங்கச்சிக்கு வெறும் தடிமன்தான்.

"வாங்க அக்கா, வாங்க. பின்னாடி பையெல்லாம் கிடக்கு, தள்ளிட்டு உக்காருங்க" என்றாள்.

இவர் வழமைபோல முன் இருக்கையில் ஏறினார். கால் நீட்டுவதற்கு இருக்கையைப் பின்னால் தள்ளவில்லை. அது அவருடைய காலுக்கு ஏற்கெனவே சரியாக இருந்தது. இரண்டு கோப்பி வாங்கி வைத்திருந்தாள். "இது உங்களது, சீனி போடலை" என்று அவருடைய பெயரைச் சொல்லி நீட்டினாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் வாய்விட்டுச் சொல்லாத பெயர். அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள், அலுவலகத்தில் எல்லோரும் சொல்கிற மாதிரி. அவர் சீனியை விட்டதும் எனக்குத் தெரியாது. வீட்டில் நான் இரண்டு கரண்டி போட்டுத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பாலத்தில் வழக்கம்போல நெரிசல். அவர்கள் மேலதிகாரியைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார்கள். என்ன சிரிப்பென்று எனக்கு விளங்கவில்லை. நானும் சிரித்தேன். பிறகு அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"பேசாம ஊதியிருக்கலாம், இல்லக்கா? மூணு கிளாஸ் வைன்தானே. உங்களுக்குத் தெரிஞ்சிடுமேன்னு பயந்துட்டாராம். சொல்லிச் சொல்லி வருத்தப்படுவார்."

இவருடைய கழுத்து அசையவில்லை. கோப்பிக் கப்பைப் பிடித்தபடி வெளியே ஆற்றைப் பார்த்தார்.

"ஓம்," என்றேன் நான். "எனக்கும் சொன்னவர்."

அவளுக்கு முன்னால் தெரியாதவளாக இருக்க எனக்கு மனம் வரவில்லை. தங்கச்சி வீட்டில் இறங்கி, அவளுடைய குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சத்தியத்தை முறித்தது கூடப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. மூன்று கிளாஸ் என்பது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அதுதான் நெஞ்சைப் பிடித்தது.

அன்று பின்னேரம் அவர் சப்பாத்தைக் கழற்றும் முன்னமே கேட்டேன்.

"அவவுக்குச் சொல்லத் தெரியுது. எனக்குச் சொல்ல ஏலாதோ?"

கதிரையில் இருந்தார். "ஊதினா ஒரு நம்பர் வரும். நம்பர் வந்தா உமக்கு நான் பொய் சொல்லேலாது."

"அவவுக்கு மட்டும்?"

"அவவிட்டச் சொன்னா எனக்கு என்ன போகப்போகுது? அவ எனக்கு ஆர்? உம்மட்டச் சொல்லத்தான் பயம்."

ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. பயம் முழுவதும் எனக்கு, உண்மை முழுவதும் அவளுக்கு. ஒரு வேளைக்காவது நான் அவருக்கு யாருமில்லாதவளாக இருந்து அந்த முன் இருக்கையில் உட்கார மாட்டேனா என்றிருந்தது.

அந்தக் கிழமையே கார் ஓட்டப் பழகப் பெயர் கொடுத்தேன். இங்கே அதற்கே ஒரு வருடம் இழுத்துவிடுகிறது. பனிக்காலம் முழுக்க வகுப்புக்குப் போனேன். என் வயசு யாருக்கும் இல்லை. அதுவரை சாம்பல் நிறக் கார் வந்துகொண்டுதான் இருந்தது. அவளுக்கு நன்றியாக நானே ரோல் பொரித்துக் கொடுத்தனுப்பினேன். அவளிடம் ஒரு பிழையும் சொல்ல முடியாது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

என் லைசென்ஸ் கைக்கு வந்தபோது அவருடைய தடை முடியச் சில கிழமைகளே இருந்தன. ஆனாலும் கார்டெரியில் கேட்டு வேலையைப் பின்னேரத்துக்கு மாற்றிக்கொண்டு, போலீஸிடமிருந்து எப்போதோ திரும்பி வந்திருந்த எங்கள் காரில் நானே கொண்டுபோய் விட்டேன். முதல் நாட்களில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி வாய் திறக்காமல் வந்தார். பிறகு ஒரு காலை, பாலத்தில் நிற்கும்போது, தானாகவே தொடங்கினார். வேலையை விடலாமா என்று யோசிக்கிறாராம். வேலைச் சுமை தலைக்கு மேலே ஏறுகிறதாம். நான் கண்ணை வீதியிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு சந்தோசம்.

"இது அவவுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

வெளியே ஆற்றைப் பார்த்தார்.

"ஓம். போன மாசம் சொன்னனான்."

முன்னால் நின்ற கார் நகர்ந்தது. நானும் நகர்ந்தேன்.